வாசித்ததாகச் சொன்ன ஒரு புத்தகம்

(நூற்றாண்டு விழா இலக்கிய மாலையில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உமக்குப் பிடிச்ச கதைப் புத்தகங்களைப் பற்றி அரை மணித்தியாலம் கதையும்" என்று கேட்டார். நான் தயங்கினேன். கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுதிய நாட்டில் நாவலைப் பற்றிப் பேச முன்வருவதற்கு ஒரு தகுதி வேண்டும். நான் முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்தவள். திறனாய்வு எனக்குத் தெரியாது. "திறனாய்வு ஒருத்தருக்கும் வேண்டாம், நீர் வாசிச்சதைச் சொல்லும்" என்றார். சரி, வாசித்ததைச் சொல்கிறேன். வாசிக்காமல் வாசித்ததாகச் சொன்ன ஒரு புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். அது கடைசியில் வரும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த புத்தகத்தில் தொடங்குகிறேன். இந்த மண்டபத்தில் "பொன்னியின் செல்வன்" வாசிக்காதவர்கள் கை உயர்த்துங்கள் என்றால் எத்தனை கை உயரும்? 1950 இலிருந்து 1954 வரை கல்கி இதழில் வந்த அந்தத் தொடரை என் பெரியம்மா வாரம் வாரம் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, பழைய கலண்டர் மட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஐந்து பாகமும் ஐந்து கட்டு. மூன்றாம் கட்டில் பதினைந்து பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று பெரியம்மாதான் வாயால் சொல்லுவார். பிற்காலத்தில் அச்சுப் புத்தகம் வாங்கி அந்த அத்தியாயங்களை வாசித்தபோது, பெரியம்மா சொன்ன கதை கல்கி எழுதியதைவிட நன்றாக இருந்ததைக் கண்டுகொண்டேன்.

அந்த நாவலில் எங்களுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. குந்தவை கொடுத்த ஓலையோடு வந்தியத்தேவன் தேடி வருவது எங்கள் தீவை. கோடிக்கரையிலிருந்து அவனைப் படகில் ஏற்றி வருபவள் பூங்குழலி. எங்கள் வகுப்பில் குந்தவையாக இருக்க விரும்பியவர்கள் பாதி, நந்தினியாக இருக்க விரும்பி வெளியில் சொல்லாதவர்கள் மீதி. நான் பூங்குழலியின் கட்சி. இருட்டுக் கடலில் தனியாகத் துடுப்புப் போடுகிற ஒரு பெண்ணை அதற்கு முன் எந்தக் கதையிலும் நான் கண்டதில்லை.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். கல்கி கடைசியில் அவளை என்ன செய்தார்? சேந்தன் அமுதனுக்குக் கட்டிக் கொடுத்து, அவனை உத்தம சோழனாக்கி, அவளை மகாராணியாக்கி அரண்மனையில் இருத்திவிட்டார். துடுப்பை வாங்கிக்கொண்டு கிரீடத்தைக் கொடுத்தது ஒரு பரிசா? எனக்கு அது தண்டனையாகத்தான் படுகிறது. மணிமேகலையை, பாவம், புத்தி பேதலிக்க வைத்துச் சாகவும் வைத்தார். இத்தனை துணிவான பெண்களை உண்டாக்கிய எழுத்தாளருக்கு, அவர்களை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நீளமான புத்தகத்தின் பயத்தைப் போக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல மருந்து தமிழில் இல்லை.

அடுத்தது நா. பார்த்தசாரதியின் "குறிஞ்சி மலர்". எங்களுக்குக் கீழ் வகுப்புகளில் ஒன்றிரண்டு பூரணிகள் படித்தார்கள். அவர்களுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தகப்பனை இழந்து, தம்பிமாரையும் தங்கையையும் தாங்கி, தமிழும் அறமும் பேசி நிற்கும் பூரணியின் வசனங்களை நான் கொப்பியில் எழுதி வைத்தேன். பதினைந்து வயதில் அந்தப் புத்தகம் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது. நாற்பது வயதில் திரும்ப வாசித்தபோது மூச்சு முட்டியது. பூரணிக்கு ஒரு நாளாவது கோபம் வந்து சட்டி பானையைப் போட்டு உடைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அரவிந்தனும் பூரணியும் ஒருவரையொருவர் இவ்வளவு உயரத்தில் வைத்துக் கும்பிட்டால் எப்போது சேர்ந்து வாழ்வது? ஆசிரியரும் அந்தச் சிக்கலை அரவிந்தனின் சாவோடு முடித்துவிட்டார். ஆனாலும் அந்தக் கொப்பியை எறிய எனக்கு மனம் வரவில்லை. ஒரு புத்தகம் எந்த வயதில் கையில் கிடைக்கிறது என்பதும் அந்தப் புத்தகத்தின் ஒரு பகுதிதான்.

இனி, பலர் வாசித்துச் சிலரே ஒத்துக்கொள்ளும் புத்தகங்கள். லக்ஷ்மி, அநுத்தமா, சிவசங்கரி, இந்துமதி, ரமணிசந்திரன். "அதெல்லாம் பொழுதுபோக்கு" என்று மூக்கைச் சுளிக்கும் பெரியவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். நானும் சுளித்தவள்தான். பிறகு தொண்ணூறுகளின் தொடக்கம் வந்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் நெருப்பு விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, திரியை மூடியில் கோர்த்து எரிப்போமே, நினைவிருக்கிறதா? அந்த வெளிச்சத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். வானத்தில் சத்தம் கேட்டால் அதையும் ஊதி அணைக்க வேண்டும். அந்த நாட்களில் என் மச்சாள், மூன்று பிள்ளைகளோடு இருந்தவள், ரமணிசந்திரன் நாவல்களைத்தான் வாசித்தாள். "கடைசியில எல்லாம் சரிவரும் எண்டு எனக்குத் தெரியும், அதுக்காகத்தான் வாசிக்கிறன்" என்றாள். கடைசியில் எல்லாம் சரிவரும் என்று வேறு எதுவும் எங்களுக்குச் சொல்லாத காலம் அது. அதன் பிறகு அந்தப் புத்தகங்களை நான் பழித்ததில்லை. அவற்றில் வரும் ஆண்கள் எல்லோரும் ஏன் முதல் பாதி முழுவதும் சினந்து விழுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

லக்ஷ்மியைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவர் திரிபுரசுந்தரி என்ற வைத்தியர். தென்னாபிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்தவர். "ஒரு காவிரியைப் போல" நாவலுக்கு 1984 இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அவருடைய நாயகிகள் அழுவார்கள். அழுது முடித்ததும் எழும்பி வேலைக்குப் போவார்கள். எங்கள் வீடுகளில் அந்தக் காலத்தில் முதல் பாதியை நிறையக் கண்டோம். இரண்டாம் பாதியைக் கதையில்தான் கண்டோம்.

ஆங்கிலப் பக்கம் ஒரே ஒரு சோடியைச் சொல்லிவிட்டு வருகிறேன். சார்லட் பிராண்டியின் "ஜேன் அயர்", 1847 இல் வந்தது. விடுதியில் இருந்தவர்களுக்கு லோவூட் பாடசாலையின் கருகிய கஞ்சியை விளக்கத் தேவையில்லை. ஜேனை நாங்கள் எல்லோரும் காதலித்தோம். மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட பைத்தியக்காரியைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டவர் ஜீன் றீஸ். கரீபியன் தீவான டொமினிக்காவில் பிறந்தவர். 1966 இல் "வைட் சர்காசோ சீ" என்ற சிறிய நாவலில் அந்தப் பூட்டப்பட்ட மனைவியின் கதையை அவள் பிறந்த தீவிலிருந்து தொடங்கி எழுதினார். அதை வாசித்த பிறகு ஜேன் அயரை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. நாங்களும் ஒரு தீவிலிருந்து வந்தவர்கள்தான். எங்களை யாராவது ஒரு பெரிய வீட்டின் கதையில் எழுதினால் எந்த அறையில் வைப்பார்கள்? உயர்தர மாணவிகளுக்கு என் ஆலோசனை: இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக வாசியுங்கள். ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் வாசிக்காமலே விடலாம்.

இப்போது எங்கள் சொந்த அலுமாரிக்கு வருவோம். அதில் கறையானுக்கு அடுத்தபடியாக அதிகம் தின்றது எங்கள் அலட்சியம்தான்.

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் சித்திலெப்பையின் "அசன்பேயுடைய சரித்திரம்" 1885 இல் வந்தது. அதற்கு ஒரு தலைமுறைக்குப் பிறகு, 1914 இல், ஒரு பெண் நாவல் எழுதினார். மங்களநாயகம் தம்பையா எழுதிய "நொறுங்குண்ட இருதயம்". எங்கள் சங்கத்தைவிட வயதில் மூத்த புத்தகம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் சீதனமும், பெரியவர்கள் பேசி முடிக்கும் கலியாணமும் ஒரு பெண்ணின் மனத்தை என்ன செய்கின்றன என்பதை அந்தக் காலத்திலேயே எழுதத் துணிந்திருக்கிறார். போதனை கூடுதல், நடை பழையது, சில இடங்களில் பிரசங்கம் கேட்பது போல இருக்கும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நூறு வருடத்துக்கு முந்திய அந்தச் சீதனப் பேச்சு, போன கிழமை என் உறவுக்காரர் வீட்டில் நடந்த சீதனப் பேச்சிலிருந்து எவ்வளவு தூரம்? கணித ஆசிரியையாக அளந்து சொல்கிறேன்: அதிக தூரம் இல்லை.

கே. டானியலின் "பஞ்சமர்" எனக்கு இன்னொரு விதமான வாசிப்பு. மிகப் பிந்தித்தான் கையில் எடுத்தேன். கலையாக அதில் குறை சொல்லலாம். பாத்திரங்கள் சில இடங்களில் மேடையில் நிற்பது போலப் பேசுகின்றன. ஆனால் தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் ஒரு மனிதனை நிறுத்தி வைத்த யாழ்ப்பாணம் அதில் இருக்கிறது. நான் வளர்ந்த அதே யாழ்ப்பாணம். என் வகுப்பில் ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்க ஏன் எப்போதும் கடைசியாகப் போனாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அவள் கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். அந்த நாவல் அதை எனக்கு ஐம்பது வயதில் விளங்கப்படுத்தியது. ஒரு புத்தகம் எங்களைக் குற்றவாளியாக நிறுத்துகிறது என்பதற்காக அதைக் கீழே வைக்கக் கூடாது. அப்படி வைக்க மனம் வருகிற புத்தகத்தைத்தான் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

மலையகத்திலிருந்து கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை". தோட்டத்துக்கு வந்து சேர்ந்த மக்களின் வாழ்வை ஒரு பெண் எழுதியது. வன்னியிலிருந்து தாமரைச்செல்வியின் "பச்சை வயல் கனவு". காடு வெட்டிக் குடியேறி வயல் செய்தவர்களின் கதை. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் "வாடைக்காற்று". 1978 இல் அது படமாகவும் வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை வேண்டும். பெயரை மட்டும் சொல்லி, உங்களை வாசிக்கக் கேட்டுக்கொண்டு தாண்டுகிறேன்.

இனி என் குற்ற ஒப்புதல்.

1976 ஆம் ஆண்டு. எனக்குப் பதினாறு வயது. இந்தியச் சஞ்சிகைகளும் புத்தகங்களும் இறக்குமதியாவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம். வீரகேசரி நிறுவனம் எங்கள் எழுத்தாளர்களின் நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் நூலகத்துக்குப் பொறுப்பாக ஒரு ரீச்சர் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கோபுரம் போட்ட பருத்திச் சேலை, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். ஒரு நாள் நான் லக்ஷ்மியின் புத்தகம் ஒன்றைத் தேடி நின்றபோது, "பிள்ளை, இதைக் கொண்டுபோய் வாசி" என்று ஒரு மெல்லிய புத்தகத்தைத் தந்தார். அ. பாலமனோகரன் எழுதிய "நிலக்கிளி". 1973 இல் வெளிவந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் சில பக்கங்களைப் பார்த்தேன். தண்ணிமுறிப்பு என்று ஓர் ஊர். காடு, குளம், எருமை, வேட்டை. எனக்கு அது ஒன்றும் பிடிபடவில்லை. தஞ்சாவூர் அரண்மனையும் மதுரை வீதியும் எனக்குப் பழக்கம். அறுபது எழுபது மைல் தள்ளி இருந்த முல்லைத்தீவுக் காடு எனக்குப் பிறதேசம். மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தேன்.

"வாசிச்சனியோ?"

"ஓம் ரீச்சர்."

"பதஞ்சலியைப் பிடிச்சுதோ?"

பதஞ்சலி ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. "பிடிச்சுது ரீச்சர்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நல்லது" என்று சொல்லி, காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பதிவேட்டில் திகதி போட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எனக்கு எந்தப் புத்தகத்தையும் தானாக எடுத்துத் தரவில்லை. கேட்டதைத் தருவார். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று விளங்க இருபது வருடம் பிடித்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு இங்கே இருப்பவர்கள் பலருக்கு மறக்காது. வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் நடந்தது. நாங்கள் தென்மராட்சிக்குப் போய், பிறகு கிளாலியால் கடலேரி தாண்டி, கிளிநொச்சியில் இருந்து, அங்கிருந்தும் எழும்பி, கடைசியில் முள்ளியவளையில் ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். பெரியம்மா தைத்த ஐந்து கட்டும் எங்கள் வீட்டு அலுமாரியில் நின்றுவிட்டன. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை.

அந்த முள்ளியவளை வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். அவரும் அந்த வீட்டுக்காரர் அல்ல. அவரும் அகதிதான்; எங்களுக்கு மூத்த அகதி. 1984 இன் கடைசியில் எழும்பி வந்தவர். "எங்கயிருந்து ஆச்சி?" என்று கேட்டேன். "தண்ணிமுறிப்பு" என்றார்.

எனக்கு அந்தப் பெயர் எங்கேயோ கேட்டதாக இருந்தது. இரவு படுத்திருக்கும்போது நினைவு வந்தது.

மரத்தடியில் நடந்த பாடசாலையில் என்னோடு படிப்பித்த ஒரு ஆசிரியரிடம் அந்தப் புத்தகம் இருந்தது. மட்டை இல்லை, கடைசிப் பக்கத்தில் மழை பட்ட கறை. ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு நாள் மாலை, "ஆச்சி, உங்கட ஊரைப் பற்றி ஒரு கதை இருக்கு, வாசிக்கட்டோ?" என்று கேட்டேன். அவர் நம்பவில்லை. "எங்கட ஊரை ஆர் பிள்ளை எழுதப் போகினம்?" என்றார்.

வாசித்தேன். ஒவ்வொரு மாலையும் வெளிச்சம் இருக்கும்வரை வாசித்தேன். கதிராமன் தகப்பனை எதிர்த்து, பதஞ்சலியைக் கைப்பிடித்து, தனியாகக் காடு வெட்டி வாழத் தொடங்குகிறான். ஊருக்கு சுந்தரம் என்ற இளம் வாத்தியார் வருகிறார். பதஞ்சலி எழுத்து வாசிக்கப் பழகுகிறாள். அதற்குப் பிறகு வரும் நெருக்கடியையும் முடிவையும் நான் சொல்ல மாட்டேன். வாசிக்க வேண்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நிலக்கிளி நிலத்துப் பொந்தில் கூடு கட்டும் பறவை. உயரப் பறக்காது, லேசாகப் பிடிபட்டுவிடும். அந்தப் பறவையை எதற்காகத் தலைப்பில் வைத்தார் என்பதை நாவல் எங்கும் உரத்துச் சொல்வதில்லை. ஒரு பெண்ணைத் தெய்வமாக்காமலும் குற்றவாளியாக்காமலும் பார்க்கிற புத்தகம் அது. குறிஞ்சி மலரில் எனக்கு முட்டிய மூச்சு இதில் வெளியே வந்தது.

ஆச்சி சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. திருத்தம் சொன்னார். "குளத்துக் கட்டு அந்தப் பக்கமில்லை பிள்ளை" என்பார். வேட்டைக்குப் போகும் இடம் வந்தால், "சரியாச் சொல்லியிருக்கிறான் பொடியன்" என்பார். எழுத்தாளர் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர், பக்கத்து ஊர்க்காரர் என்று நான் சொன்னதும், அவருக்கு உறவுமுறை தேடத் தொடங்கிவிட்டார். சில இடங்களில் அவர் ஒன்றும் சொல்லாமல் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லுவார். நான் நிறுத்துவேன். கொஞ்சம் பொறுத்து, "ம், வாசி" என்பார்.

வாசித்து முடித்த அன்று கேட்டார்: "இந்தப் புத்தகம் வேற இடங்களிலயும் இருக்கோ?" இருக்கிறது என்றேன். "அப்ப ஊர் இருக்கு" என்றார்.

நான் என் வாழ்நாளில் கேட்ட இலக்கியத் திறனாய்வுகளுக்குள் அதுதான் பெரியது. இலக்கியம் எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால் நான் அந்த மூன்று சொல்லைத்தான் சொல்லுவேன். எனக்குப் பதினாறு வயதில் காடும் எருமையுமாகத் தெரிந்த பக்கங்கள், அந்த மனுசிக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே காணி உறுதி.

அப்போது நூலக ரீச்சருக்கு ஒரு கடிதம் எழுத நினைத்தேன். "ரீச்சர், நான் அன்றைக்குப் பொய் சொன்னேன். இப்போது வாசித்துவிட்டேன். பதஞ்சலியைப் பிடித்தது" என்று. ரீச்சர் கொழும்பில் மகளோடு இருப்பதாக அறிந்தேன். வன்னியிலிருந்து கடிதம் போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். போக்குவரத்துச் சரிவரட்டும், நேரில் போய்ச் சொல்லலாம் என்று பிற்போட்டேன். பாதை திறப்பதற்கு முன் ரீச்சர் காலமாகிவிட்டார். செய்தியே எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

கடைசியாக ஒரு புத்தகம். சிங்கிஸ் ஐத்மாத்தவ் என்ற கிர்கிஸ் எழுத்தாளரின் "முதல் ஆசிரியர்". சோவியத் வெளியீடுகளாக மலிவு விலையில் வந்த தமிழ்ப் புத்தகங்கள் நினைவிருக்கும். குதிரை லாயம் ஒன்றைத் துப்புரவாக்கி, மலைக்கிராமத்தில் முதல் பாடசாலையைத் தொடங்கும் துய்ஷேன் என்ற இளைஞனின் கதை. அவனுக்கே அரைகுறை எழுத்தறிவுதான். உறைகிற ஓடையில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கடப்பான். அல்தினாய் என்ற அநாதைச் சிறுமியை உறவினர் விற்றுவிட, அவன் மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அவள் பெரிய பேராசிரியை ஆகிறாள். பல வருடம் கழித்து அந்தக் கிராமத்துப் புதிய பாடசாலையின் திறப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வருகிறாள். விருந்து நடக்கிறது. பழைய மாணவர்கள் அனுப்பிய வாழ்த்துத் தந்திகளை ஒரு கிழவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போகிறார். அந்தத் தபால்காரர்தான் துய்ஷேன். உள்ளே இருந்தவர்கள் அவரைப் பற்றிச் சிரிக்கிறார்கள். அல்தினாய்க்கு முகம் சிவக்கிறது. அன்றே ஊரை விட்டுப் புறப்பட்டுவிடுகிறாள். பிறகுதான் உண்மையை எழுதுகிறாள்.

நூற்றாண்டு விழா எடுக்கும் எந்தச் சங்கமும் விழாவுக்கு முதல் நாள் அந்தக் கதையை வாசிக்க வேண்டும். இன்றைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்த வாழ்த்துகளை இங்கே வாசித்தோம். மகிழ்ச்சி. எங்கள் வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் மேடையேற்றினோம். அதுவும் சரி. ஆனால் எங்களுக்கு முதல் புத்தகத்தைக் கையில் தந்தவர்களின் பெயர் இந்த மலரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பதிவேடுகள் இல்லை, இடப்பெயர்வில் போய்விட்டன. எங்கள் நினைவு ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது புத்தகம் எப்படி அழியும் என்று நாங்கள் கண்டோம். வாசிக்கப்படாமலும் புத்தகம் அழியும். அதற்கு நெருப்புத் தேவையில்லை. இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒவ்வொரு பழைய மாணவியும் எங்கள் பாடசாலை நூலகத்துக்கு ஒரே ஒரு நாவல் அனுப்புங்கள். பொன்னியின் செல்வன் வேண்டாம். அது நான்கு படி இருக்கிறது, நூலகர் சொன்னார். உங்களைத் தவிர வேறு ஒருவரும் அனுப்ப மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கிற புத்தகத்தை அனுப்புங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கையால் நான்கு வரி எழுதுங்கள்: இதை நான் எந்த வயதில் வாசித்தேன், எனக்கு இது என்ன செய்தது, யார் தந்தார்கள். பிடிக்காத இடத்தையும் எழுதுங்கள். பிள்ளைகள் புகழுரையை நம்ப மாட்டார்கள். ஒரு பெரியவள் உண்மையாகக் குறைப்பட்டால் உடனே திறந்து பார்ப்பார்கள். புத்தகம் அச்சில் கிடைக்காவிட்டால் நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் தேடுங்கள். எங்கள் எழுத்தாளர்களின் பழைய நூல்கள் பலவற்றை அவர்கள் மின்வடிவில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ரீச்சர் தருகிற புத்தகம் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஒரு குற்றமும் இல்லை. வாசித்ததாக மட்டும் பொய் சொல்லாதீர்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் அவர் இன்னொன்றைத் தேடித் தருவார். பொய் சொன்னால் தேடுவதை நிறுத்திவிடுவார்.

நான் இன்றைக்கு என்னோடு ஒரு புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். "நிலக்கிளி". புதிய பதிப்பு, மட்டையோடு. முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதியிருக்கிறேன். இதை அதிபர் அவர்களிடம் கையளிக்கிறேன். 1976 இல் திருப்பிக் கொடுத்ததாகப் பதிவேட்டில் இருந்த புத்தகத்தை, வாசித்துவிட்டு, இன்றைக்குத்தான் உண்மையில் திருப்பிக் கொடுக்கிறேன்.

ஓம் ரீச்சர், பதஞ்சலியை எனக்குப் பிடித்தது.